சரக்குக்குத் திறக்கும் கதவு உழைப்பவருக்கும் திறக்கட்டும்
தடையற்ற வர்த்தகமும் குடிபெயர்வும்: எங்கள் நிலைப்பாடு

தூத்துக்குடியில் கப்பலேறும் ஒவ்வொரு கன்டெய்னர் பனியன் சரக்குக்கும் துணையாக ஒரு தாள் போகிறது. பிறப்பிடச் சான்று என்று அதற்குப் பெயர். உள்ளே இருக்கும் துணி இந்தியாவில் தயாரானது என்று அது சாட்சி சொல்லும். இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், அந்தத் தாளைக் காட்டினால் ஜெபல் அலி துறைமுகத்தில் முன்பு கட்டிய 5 சதவீத வரி கிடையாது.

எங்கள் உதவி மையத்துக்கு வருகிறவர்களின் கையிலும் ஒரு பிறப்பிடச் சான்று இருக்கிறது. அது பாஸ்போர்ட். பத்தாவது தேறாதவர் என்றால் அதில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அண்மையில் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு ஒரு தம்பி வந்தார். திருவாடானைப் பக்கம், எட்டாவது வரை படிப்பு, கம்பி கட்டும் வேலை. அக்காவின் நகையை அடகு வைத்து சப் ஏஜென்ட்டிடம் ஒன்றேகால் லட்சம் கொடுத்திருந்தார். உரிமம் பெற்ற ஏஜென்ட் ஒருவர் சட்டப்படி வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை. வேலை ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. "என்ன போட்டிருக்குன்னு தெரியலண்ணே. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார்.

அந்தத் துணியும் இந்தத் தம்பியும் போவது ஒரே நாட்டுக்கு. துணிக்காக இரு நாட்டு அமைச்சர்கள் உட்கார்ந்து பேசி, அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். தம்பிக்காகப் பேசியவர் சப் ஏஜென்ட் ஒருவர்தான். இந்த அறிக்கையை நாங்கள் எழுதக் காரணம் இதுவே.

நாங்கள் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும், இன்னும் அங்கே இருப்பவர்களின் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு. எந்தக் கட்சியையும் சாராதவர்கள்.

எங்கள் நிலைப்பாடு சுருக்கமாக

தடையற்ற வர்த்தகத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. எல்லை தாண்டி விற்க முடிந்ததால்தான் கொங்கு மண்டலத்தில் லட்சக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன. எல்லைகளே வேண்டாம் என்றும் நாங்கள் கேட்கவில்லை. யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு.

நாங்கள் சொல்வது இது: வர்த்தக ஒப்பந்தம் ஒவ்வொன்றும் குடிபெயர்வு ஒப்பந்தமும்தான், அப்படி எழுதினாலும் எழுதாவிட்டாலும். ஒரு பொருளின் வரி மாறினால் ஓர் ஊரில் வேலை பெருகும், இன்னோர் ஊரில் வேலை போகும். வேலை எங்கே போகிறதோ அங்கே மனிதர்களும் போவார்கள். ஆகவே, சரக்குக்கு விதி எழுதும் மேசையிலேயே உழைப்பவருக்கும் விதி எழுதப்பட வேண்டும்.

மண்டபம் சொல்லும் பாடம்

இது எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த செய்தி கிடையாது. 1846-இல் பிரிட்டன் தானிய இறக்குமதிக்கு இருந்த தடைச் சட்டங்களை நீக்கியது. தடையற்ற வர்த்தகத்தின் வெற்றி என்று உலகம் அதைக் கொண்டாடியது. அதே ஆண்டில் சர்க்கரை வரிகளைச் சமன்படுத்தும் சட்டமும் நிறைவேறியது. பிரிட்டிஷ் குடியேற்றங்களின் சர்க்கரை அதுவரை அனுபவித்த வரிச் சலுகை படிப்படியாகப் போனது. போட்டியைச் சமாளிக்க மலிவான கைகள் வேண்டும் என்றார்கள் தோட்ட முதலாளிகள். அடிமை முறை ஒழிந்த இடத்தை நிரப்ப 1834 முதலே மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் போய்க்கொண்டிருந்தார்கள். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் ஆட்களை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் நம் மக்களின் கதை அங்கே தொடங்குகிறது.

இலங்கைக்குக் கப்பல் ஒப்பந்தம்கூடத் தேவைப்படவில்லை. கங்காணி வந்து ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். முதலில் காபி, பிறகு தேயிலை. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முகாம் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடம் அது. தேயிலை உலகச் சந்தைக்குத் தாராளமாகப் போனது. அதைப் பறித்த கைகளின் கதி என்ன? 1948-இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்த மக்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. 1983-க்குப் பிறகு அதே மண்டபம் முகாம் இலங்கை அகதிகளின் முகாமாக ஆனது.

தேயிலைக்கு நூறாண்டுக்கு மேல் ஊர் எது என்ற கேள்வியே எழவில்லை. 'சிலோன் டீ' என்ற பெயரே அதற்குப் போதுமாக இருந்தது. பறித்தவருக்கு ஊர் எது என்று தீர்க்க 2003-இல் ஒரு தனிச் சட்டம் வரை இலங்கைக்குத் தேவைப்பட்டது. சரக்கின் பாதையை மட்டும் திட்டமிட்டு, மனிதரின் பாதையைத் தரகரிடம் விட்டால் எத்தனை தலைமுறை விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு எங்கள் மண்ணே சாட்சி.

மெக்சிகோவில் பொய்த்த கணக்கு

பொருளாதார அறிஞர்கள் ஒரு நம்பிக்கையான வாதத்தை வைத்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மண்டெல் 1957-இல் அதைக் கணக்காக நிறுவினார்: சரக்கு தாராளமாக எல்லை தாண்டினால் இரு நாட்டுக் கூலியும் நெருங்கிவரும், மனிதர்கள் எல்லை தாண்ட வேண்டிய தேவை குறையும். சட்டை போனால் தையல்காரர் போக வேண்டாம் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இந்த நம்பிக்கைதான் 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு, அதாவது நாஃப்டாவுக்கு, அடிப்படையாக இருந்தது. மெக்சிகோ ஆட்களுக்குப் பதில் பொருள்களை ஏற்றுமதி செய்யும் என்று அதிபர் கார்லோஸ் சாலினாஸ் அமெரிக்கர்களிடம் வாதாடினார். நடந்தது வேறு. மானியம் பெற்ற அமெரிக்க மக்காச்சோளம் மெக்சிகோவுக்குள் வந்து இறங்கியது. தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் பயிரிட்ட சிறு விவசாயிகளுக்கு அந்த விலையோடு போட்டி போட முடியவில்லை. ஆண்டு முடிவதற்குள் பெசோ நாணயமும் சரிந்தது. அதே 1994 அக்டோபரில் சான் டியேகோ எல்லையில் அமெரிக்கா 'கேட்கீப்பர்' என்ற காவல் நடவடிக்கையைத் தொடங்கியது. மக்காச்சோளத்துக்கு எல்லை திறந்த ஆண்டிலேயே விவசாயிக்கு வேலி போடப்பட்டது.

1990-இல் அமெரிக்காவில் மெக்சிகோவில் பிறந்தவர்கள் சுமார் 43 லட்சம் பேர். 2000-இல் அது சுமார் 92 லட்சம். இதற்கு நாஃப்டா மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. பெசோ சரிவுக்கும், அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் பெருகிய வேலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒப்பந்தம் குடிபெயர்வைக் குறைக்கும் என்ற வாக்குறுதி பொய்த்தது என்பதில் சந்தேகம் இல்லை. வர்த்தகம் திறந்த முதல் ஆண்டுகளில் குடிபெயர்வு ஒரு மேடு போல ஏறி, வருமானம் உயர்ந்த பிறகே இறங்கும் என்று ஃபிலிப் மார்ட்டின் என்ற வேளாண் பொருளாதார அறிஞர் அப்போதே எச்சரித்தார். வேலியின் விளைவை டக்ளஸ் மாஸி என்ற சமூகவியலாளர் நீண்ட காலம் ஆராய்ந்து காட்டினார்: பருவ வேலைக்குப் போய் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், திரும்பிப் போனால் மறுபடி வர முடியாது என்று அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் எளிது. பலன் வர இருபது ஆண்டு ஆகலாம், பாதிப்பு அடுத்த அறுவடையிலேயே வந்துவிடும். அந்த இடைவெளியில் மனிதர்கள் நடந்துபோகப் பாதை வேண்டும். அரசு பாதை போடாவிட்டால் தரகர் போடுவார்.

இன்றைய ஒப்பந்தங்களில் மனிதருக்கு எவ்வளவு இடம்?

1995-இல் உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தக ஒப்பந்தத்தில் நான்கு வழிகள் உண்டு. நான்காவது வழி, சேவை தரும் மனிதரே அடுத்த நாட்டுக்குச் சென்று வேலை செய்வது. ஆனால் அதன் பிற்சேர்க்கை, வேலைச் சந்தையில் நுழைவதும் குடியுரிமையும் நிரந்தர வேலையும் இந்த ஒப்பந்தத்துக்குள் வராது என்று சொல்லிவிடுகிறது. நடைமுறையில் அந்த வழியில் போகிறவர்கள் கம்பெனி மேலாளர்கள், மென்பொருள் பொறியாளர்கள், ஆலோசகர்கள்.

நம் நாடு அண்மையில் செய்த ஒப்பந்தங்களும் அந்தத் தடத்தில்தான் போகின்றன. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இந்தியச் சமையல் கலைஞர்களுக்கும் யோகா ஆசிரியர்களுக்கும் ஆண்டுக்கு 1,800 இடம். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்திலும் சமையல் கலைஞர், யோகா ஆசிரியர், செவ்வியல் இசைக் கலைஞர் எல்லோருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,800 வரை. இவற்றை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் 35 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் வாழும் அமீரகத்தோடு செய்த ஒப்பந்தத்தில், அந்த நாட்டின் கட்டடங்களைக் கட்டும் கொத்தனாருக்கும், வெல்டருக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024-இல் வெளிநாட்டு இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர். உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. அதில் மாதச் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து அனுப்பிய காசும் இருக்கிறது.

கதவு மூடும்போதும் இரண்டும் சேர்ந்தே மூடுகின்றன. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. மறு மாதமே புதிய எச்-1பி விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியையும் சென்னை மென்பொருள் பொறியாளரையும் ஒரே அரசு ஒரு மாத இடைவெளியில் தொட்டது. வர்த்தகமும் குடிபெயர்வும் வேறு வேறு துறை என்று நம் அரசு இனியும் நினைத்துக்கொண்டிருக்க முடியாது.

எதிர்வாதங்களுக்கு எங்கள் பதில்

வெளியாட்கள் வந்தால் உள்ளூர்க் கூலி குறையும் என்ற அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. 2004 மே மாதம் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் எட்டு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் உடனே தொழிலாளர்களுக்குக் கதவைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை கட்டுப்பாடுகளை வைத்திருந்தன. 2016-இல் பிரிட்டன் மக்கள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தபோது குடியேற்றம் முக்கியப் பிரச்சினையாக இருந்தது. சிங்கப்பூரில், 2005-இல் இந்தியாவோடு செய்த பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்களுக்கு வேலைகளைத் திறந்துவிட்டது என்ற வதந்தி ஆண்டுக்கணக்காகப் பரவியது. 2021 ஜூலையில் அமைச்சர்களே நாடாளுமன்றத்தில் அதை மறுத்து விளக்க வேண்டிவந்தது. அந்த வதந்தியின் சுடுசொல் அங்கே பல தலைமுறையாக வாழும் தமிழர்கள் மீதும் விழுந்தது.

இதற்குத் தீர்வு, உரிமைகளைக் குறைப்பது என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் அனுபவம் நேர்மாறானது. முதலாளியை விட்டு விலக முடியாத தொழிலாளியே மலிவான தொழிலாளி. பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில் இருந்தால், அகாமா என்ற வசிப்பிட அனுமதி முடிந்தும் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், அவர் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவார். அவருக்கு வேலை மாறும் உரிமை கொடுங்கள். அவரைக் காட்டி உள்ளூர்க்காரரின் கூலியைக் குறைக்க யாராலும் முடியாது.

இன்னொரு வாதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது: வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் நிபந்தனைகளைச் சேர்த்தால் பணக்கார நாடுகள் அதையே சாக்காக வைத்து நம் சரக்கைத் தடுக்கும் என்பது. இந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் நாங்கள் கேட்பது சரக்கின் மீது நிபந்தனை விதிக்கச் சொல்லி அல்ல. எல்லை தாண்டும் மனிதருக்கு இரு நாடும் சேர்ந்து உரிமை எழுதச் சொல்லிக் கேட்கிறோம். அதைக் கேட்கும் இடத்தில் இந்தியா இருக்கிறது, கொடுக்கும் இடத்தில் எதிர்த்தரப்பு இருக்கிறது.

முதலில் நம் வாசல்

பிறரிடம் கேட்பதற்கு முன் நம் வாசலைப் பார்க்க வேண்டும். 1974 முதல் உலக ஜவுளி வர்த்தகத்தைக் கட்டுப்படுத்திய கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று முடிந்தது. திருப்பூருக்கு ஆர்டர்கள் பெருகின. தென்மாவட்டங்களிலிருந்து வந்த ஆட்கள் போதவில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறி வந்தார்கள். இன்று தையல் மெஷினிலும் செக்கிங் மேசையிலும் அயர்ன் டேபிளிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஜெனீவாவில் முடிந்த ஒரு கோட்டா, பாட்னாவில் ஒருவரை ரயிலேற்றியது. வர்த்தகம் மனிதரை நகர்த்தும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்து பலர் ஊர் திரும்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவே இங்கு வந்து விசாரித்தது, வதந்தி என்பது உறுதியானது. துபாயில் எங்கள் பிள்ளைக்கு என்ன மரியாதை கேட்கிறோமோ அதே மரியாதை அவிநாசி சாலையில் பீகார்ப் பிள்ளைக்கும் வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் இது பேரம் பேசக் கூடாத ஒன்று.

எங்கள் கோரிக்கைகள்

1. வளைகுடா நாடுகள் உட்பட, இந்தியத் தொழிலாளர் பெருமளவில் வாழும் எந்த நாட்டோடும் வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது, தொழிலாளர் உரிமை அத்தியாயமும் அதே நாளில் கையெழுத்தாக வேண்டும். படித்தவருக்கு மட்டும் என்று அது நின்றுவிடக் கூடாது.

2. முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறவும் ஊர் திரும்பவும் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். கத்தார் 2020-இல் வேலை மாறத் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதியை நீக்கியது. அங்கே எழுதிய சட்டம் மற்ற நாடுகளிலும் எழுதப்படலாம், எழுதியது நடைமுறையாகவும் வேண்டும்.

3. ஆள் சேர்ப்புச் செலவு முழுவதையும் வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கை கூறுகிறது. 30,000 ரூபாய் உச்சவரம்பு பூஜ்ஜியமாக மாறட்டும்.

4. வேலை ஒப்பந்தம் தொழிலாளியின் தாய்மொழியிலும் இருக்க வேண்டும். படித்துக்காட்டி விளக்கிய பிறகே கையெழுத்து.

5. தங்குமிடத்துக்கு இரு நாடும் சேர்ந்து சோதனை நடத்த வேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் தங்கிய கட்டடத்தில் தீ பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களில் 7 பேர் தமிழர்கள். அவர்கள் வேலைத்தளத்தில் சாகவில்லை, அதிகாலையில் தங்குமிடத்தில் செத்தார்கள்.

6. பிரிட்டனுக்குத் தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்களும் அவர்களின் கம்பெனிகளும் மூன்று ஆண்டுகள் அங்கே சமூகப் பாதுகாப்புத் தொகை கட்ட வேண்டாம் என்று இரு நாடும் உடன்பட்டிருக்கின்றன. கம்பெனி ஊழியருக்குச் செய்ய முடிந்ததைக் கட்டடத் தொழிலாளிக்கும் செய்யலாம். அங்கே உழைத்த ஆண்டுகள் இங்கே ஓய்வூதியக் கணக்கில் சேரட்டும்.

7. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் முன்பாக, எந்தத் தொழிலில் எத்தனை பேர் வேலை இழப்பார்கள், எங்கே போவார்கள் என்ற ஆய்வு மாவட்ட வாரியாக வெளியாக வேண்டும். இழப்பவருக்குப் பயிற்சிக்கும் பிழைப்புக்கும் நிதி முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

8. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாக, தொழிலாளியின் உரிமையை மையமாக வைத்த புதிய சட்டம் வேண்டும். குடிபெயர் தொழிலாளர் உரிமைகளுக்கான 1990-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும். இலங்கை அதை 1996-லேயே ஏற்றுவிட்டது.

9. தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் சம கூலி, பதிவு, ரேஷன், பிள்ளைகளுக்குப் பள்ளி இடம் ஆகியவை தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

வேண்டுகோள்

ஒப்பந்தம் பேசப் போகும் அதிகாரிகளுக்கு: எதிரே இருப்பவர் உங்களிடம் வரிப் பட்டியல் கேட்பார். அவருடைய நாட்டின் சாலைகளையும் கோபுரங்களையும் கட்டிய ஆட்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அதையும் மேசையில் வையுங்கள்.

தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு: அடுத்த ஒப்பந்தம் அவைக்கு வரும்போது எத்தனை சதவீத வரி குறைந்தது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கொத்தனாருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் அதில் எந்தப் பக்கத்தில் இடம் என்றும் கேளுங்கள்.

வெளிநாடு கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு: ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்ட்டின் உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு, இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவரிடம் போனால் அந்தக் காப்பீடும் இல்லை, அரசின் பதிவேட்டில் உங்கள் பெயரும் இல்லை.

திருவாடானைத் தம்பியின் பணத்தைத் திரும்பப் பெற முயன்றுகொண்டிருக்கிறோம். அவர் இன்னும் கிளம்பவில்லை. கிளம்பும்போது அவருக்காகவும் இரு நாடு பேசி எழுதிய ஒரு தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.